சுட்டவன் கணக்கு, இழந்தவன் கணக்கு: போர்க்கால விமானங்களைத் தேடுகிறவர்களுக்கு

"சிங்கப்பூர் விமானத் தாக்குதல் 1942" என்று இணையத்தில் தட்டிப் பாருங்கள், கொட்டும். அதில் பாதி ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியது. அதே படம், அதே தப்பான விமானப் பெயர், எங்கிருந்து வந்தது என்றே தெரியாத அதே எண்ணிக்கை. அதை விட்டுவிட்டு அந்தக் காலத்துத் தாள்களிடமே நேராகப் போவது எப்படி என்றுதான் எழுதப்போகிறேன். தேசிய நூலகமும் கிராஞ்சி போர் நினைவிடமும் எம்ஆர்டி தூரத்தில் இருக்கும் சிங்கப்பூர்க்காரர்களை மனதில் வைத்து எழுதுகிறேன், ஆனால் ஈப்போவிலோ மட்டக்களப்பிலோ உட்கார்ந்து தேடுகிறவருக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் கேள்வியைச் சுருக்குங்கள். "பஃபலோ போர்விமானங்கள் எப்படிச் சண்டை போட்டன" என்று போனால் எந்தக் காப்பகமும் கதவைத் திறக்காது. "243ஆம் ஸ்குவாட்ரன், காலாங், 1942 ஜனவரி" என்று போனால் திறக்கும். ராணுவ ஆவணங்கள் எல்லாமே பிரிவு வாரியாக, தேதி வாரியாக அடுக்கப்பட்டவை, அதனால் உங்களிடம் இருப்பது ஒரு விமானியின் பெயரோ ஒரு பழைய படமோ என்றாலும் முதல் வேலை அதை ஒரு ஸ்குவாட்ரனோடு, அதாவது விமானப்படைப் பிரிவோடு, கட்டிப்போடுவதுதான். போர் தொடங்கும்போது யார் எங்கே இருந்தார்கள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்: சிலேத்தாரில் 36, 100 (வில்டபீஸ்ட் என்ற அந்த அரதப் பழைய இரட்டைச் சிறகு விமானங்கள்), கூடவே கேட்டலினா பறக்கும் படகுகளோடு 205, தெங்காவில் பிளென்ஹைம் குண்டுவீச்சு விமானங்களோடு 34, காலாங்கில் 243ம் நியூசிலாந்தின் 488ம், இரண்டும் பஃபலோ, செம்பவாங்கில் ஆஸ்திரேலியாவின் 453, அதுவும் பஃபலோ. வடக்கே அலோர் ஸ்டாரில் 62, கோத்தா பாருவில் ஆஸ்திரேலியாவின் 1ஆம் ஸ்குவாட்ரன். ஹரிக்கேன் போர்விமானங்கள் வந்தது 1942 ஜனவரி நடுவில்தான், அதுவும் பெட்டிகளில் அடைத்துக் கப்பலில். ஆகவே 1941 டிசம்பரில் சிங்கப்பூர் வானத்தில் ஹரிக்கேன் பறந்ததாக யாராவது எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம்.

பிரிட்டிஷ் பக்கத்துத் தாள்கள் லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. ஏ.ஐ.ஆர் 27 என்ற தொகுதிதான் ஸ்குவாட்ரன்களின் நாட்குறிப்பு, 28 விமானத் தளங்களுடையது, 50 என்பது விமானிகள் சண்டை முடிந்து இறங்கியதும் எழுதிக் கொடுத்த அறிக்கைகள். ஸ்குவாட்ரன் நாட்குறிப்பில் இரண்டு படிவங்கள் இருக்கும். 540 அன்றைக்கு நடந்ததன் சுருக்கம். 541 எந்த விமானம், யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பி எத்தனை மணிக்குத் திரும்பினார்கள் என்ற விவரம். எல்லாரும் 540ஐப் படித்துவிட்டுப் போய்விடுகிறார்கள், சுவாரஸ்யம் அதில்தான் இருக்கிறது என்பதால். உண்மையில் உங்களுக்கு வேண்டியது 541. திரும்பிய நேரத்துக்கான கட்டம் காலியாக இருந்தால் அங்கே ஒரு கதை இருக்கிறது. பட்டியலை இணையத்தில் இலவசமாகத் தேடலாம், பக்கங்களை இறக்கக் கட்டணம் இருக்கலாம். முதலில் தேதி வரம்பைச் சரிபார்த்துவிட்டு அப்புறம் காசு கொடுங்கள்.

மலாயா, சிங்கப்பூர் விஷயத்தில் ஒரு பெரிய சிக்கல் இருக்கிறது. பின்வாங்கியபோது இந்தப் பிரிவுகளின் ஆவணங்களில் பெரும்பகுதி எரிந்தது, தொலைந்தது, கடலுக்குள் போனது. இருப்பதில் சில பிற்பாடு நினைவிலிருந்து எழுதி ஒட்டவைத்தவை. இது எவ்வளவு தூரம் பாதித்தது என்பதற்கு பிளென்ஹைம் விமானி ஆர்தர் ஸ்கார்ஃபின் கதையே போதும். 1941 டிசம்பர் 9 அன்று பட்டர்வொர்த்திலிருந்து தாய்லாந்தின் சிங்கோராவைத் தாக்கக் கிளம்பவிருந்த பிளென்ஹைம்கள் ஓடுதளத்திலேயே குண்டுக்கு இரையாக, மேலே ஏறிவிட்ட அவருடைய விமானம் மட்டும் தனியாகப் போய்க் குண்டு போட்டது. படுகாயத்தோடு அலோர் ஸ்டாரில் இறக்கினார், அங்கேயே மருத்துவமனையில் இறந்தார். அவருக்கு பிரிட்டனின் உச்ச வீர விருதான விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது எப்போது தெரியுமா, 1946இல். தாள் இல்லை, சாட்சிகள் சிறையில். ஆகவே கியூவில் ஒரு மாதத்துப் பக்கம் இல்லை என்றால் அந்த மாதத்தில் ஒன்றும் நடக்கவில்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

அந்த ஓட்டையை அடைக்கச் சில வழிகள். விமானப்படைத் தளபதியாக இருந்த பால் மால்ட்பி ஜாவாவில் பிடிபட்டு 1945 வரை கைதியாக இருந்தவர். மலாயா, டச்சுக் கிழக்கிந்தியா வான் நடவடிக்கைகள் பற்றிய அவருடைய நீண்ட அறிக்கை 1948இல் பிரிட்டிஷ் அரசிதழான லண்டன் கெஜட்டின் இணைப்பாக வந்தது, இணையத்தில் இலவசம். சண்டை தொடங்கும்போது முன்னணி விமானங்கள் 158, சேமிப்பில் 88 என்ற கணக்கு அதில்தான் இருக்கிறது. வேறு இடங்களில் வேறு எண்கள் பார்ப்பீர்கள். பெரும்பாலும் யாரும் பொய் சொல்லவில்லை, ஒருவர் பறக்கும் நிலையில் இருந்ததை மட்டும் எண்ணுவார், இன்னொருவர் கொட்டகையில் பிரித்துப் போட்டிருந்ததையும் சேர்த்து எண்ணுவார். எண்ணைக் குறித்துக்கொள்ளும்போது எதை எண்ணினார்கள் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். அறிக்கையைப் படிக்கும்போது இன்னொன்றையும் மறக்க வேண்டாம்: தோற்ற தளபதி எழுதியது அது, தன் பக்கத்து நியாயத்தை அவர் சொல்லத்தான் செய்வார்.

என்னைக் கேட்டால் இந்தப் பகுதிக்கு ஆஸ்திரேலியர்களின் ஆவணங்கள்தான் தங்கம். ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் ஏ9186 தொகுதி ஸ்குவாட்ரன் நாட்குறிப்புகள், ஏ705 உயிரிழந்தவர்கள், காணாமல் போனவர்கள் பற்றிய கோப்புகள். ஸ்கேன் செய்யப்பட்ட கோப்புகளை வீட்டிலிருந்தே காசில்லாமல் பார்க்கலாம். ஏ705ஐத் திறக்கும்போது கொஞ்சம் மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள், குடும்பத்துக்குப் போன கடிதங்கள், போருக்குப் பிறகு காட்டில் உடைந்த விமானத்தைத் தேடிப் போனவர்களின் அறிக்கை எல்லாம் அதில் இருக்கும். கிராமத்து ஆட்கள் என்ன பார்த்தார்கள் என்பதும் சில நேரம் வரும், அது வேறு எங்கேயும் கிடைக்காத சரக்கு. ஆஸ்திரேலிய விமானப்படையின் அதிகாரபூர்வ வரலாற்றை அந்நாட்டுப் போர் நினைவகம் தன் இணையதளத்தில் முழுசாக வைத்திருக்கிறது. நியூசிலாந்தின் அதிகாரபூர்வ வரலாறும் அப்படியே இலவசம், 488ஐத் தேடுகிறவர் அங்கே போகலாம்.

சரி, இனி ஜப்பானியப் பக்கம். இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன அத்தனையும் பாதி வேலைதான்.

விமானச் சண்டையில் எத்தனை வீழ்ந்தது என்று சொல்ல ஒரே ஒரு நம்பகமான வழிதான் உண்டு: சுட்டவனிடம் கேட்காதீர்கள், இழந்தவனிடம் கேளுங்கள். மேகத்துக்குள் புகுந்து மறைந்த விமானம், புகை விட்டுக்கொண்டே வீடு போய்ச் சேர்ந்த விமானம், மூன்று பேர் தனித்தனியாகச் சுட்டதாகச் சொன்ன ஒரே விமானம் எல்லாம் சேர்ந்து எண்ணிக்கை ஊதிவிடும். இதில் எந்த நாடும் விதிவிலக்கு இல்லை. 1940 செப்டம்பர் 15 அன்று 185 ஜெர்மானிய விமானங்களை வீழ்த்தியதாக லண்டன் அறிவித்தது. ஜெர்மானியர்களின் சொந்தத் தாளில் அன்றைய இழப்பு 60ஐ ஒட்டித்தான் இருக்கிறது. மறுபக்கம் பாருங்கள், கணக்குகள் கச்சிதமாகப் பொருந்தும் நாளும் உண்டு. 1942 மே 22 அன்று வங்காள விரிகுடாவின் மேல், 60ஆம் ஸ்குவாட்ரனைச் சேர்ந்த தனி ஒரு பிளென்ஹைமைத் துரத்திய ஜப்பானியப் போர்விமானங்களில் ஒன்று அதன் துப்பாக்கிக்கு இலக்காகிக் கடலில் விழுந்தது. யாரைச் சுட்டோம் என்று அந்தப் பிளென்ஹைமில் இருந்தவர்களுக்குத் தெரிய வழியில்லை. ஜப்பானியப் பதிவைப் பக்கத்தில் வைத்தால்தான் அது 64ஆவது செந்தாயின் (ஜப்பானியத் தரைப்படை விமானப் பிரிவு) தலைவர், மலாயாப் போரின் பெயர்பெற்ற விமானி கத்தோ தத்தெயோ என்று தெரிகிறது.

ஜப்பானியத் தாள்களுக்கான வாசல் ஜாகார் என்ற இணையக் காப்பகம், 2001இல் தொடங்கியது, முழுக்க இலவசம். ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு குறியீட்டு எண் உண்டு, 'சி' எழுத்தில் தொடங்குபவை தற்காப்பு அமைச்சின் ஆய்வு நிலையத்திலிருந்து வந்தவை, நமக்கு வேண்டியது அவைதான். கடற்படை விமானப் பிரிவுகள் ஒவ்வொரு பறப்புக்கும் நடவடிக்கை அறிக்கை நிரப்பினார்கள்: எந்தப் பிரிவு, எத்தனை விமானம், ஒவ்வொன்றிலும் யார், எத்தனை குண்டு, எத்தனை தோட்டா தீர்ந்தது, யார் திரும்பவில்லை. ஆங்கிலத்திலும் தேடலாம் என்றாலும் பிரிவின் பெயரை ஜப்பானிய எழுத்தில் வெட்டி ஒட்டித் தேடினால்தான் விளைச்சல் கூடும். ஜப்பானிய மொழி தெரியாதா, பரவாயில்லை, இவை கட்டம் போட்ட படிவங்கள். எண்களும் விமானம், குண்டு, திரும்பவில்லை போன்ற ஓர் இருபது எழுத்துகளும் பிடிபட்டுவிட்டால் முக்கால் பக்கம் புரிந்துவிடும். கையெழுத்து மோசமாக இருக்கும் இடத்தில் கைப்பேசி மொழிபெயர்ப்பை நம்பாதீர்கள், அது தைரியமாகத் தப்புச் சொல்லும். இங்கே ஜப்பானியம் படித்தவர்களுக்கா பஞ்சம், ஒரு காப்பி வாங்கிக் கொடுத்துக் கேளுங்கள்.

தரைப்படை விமானப் பிரிவுகள் வேறு கதை. 1945 ஆகஸ்டில் சரணடைவதற்கு முன்னும் பின்னும் மூட்டை மூட்டையாக எரித்தார்கள். அதனால் கடற்படைக்குக் கிடைக்கும் அளவு விவரம் தரைப்படைக்குக் கிடைப்பதில்லை. இது நமக்கு ஏன் முக்கியம் என்றால், மலாயா வானத்தில் போர்விமானங்களை அதிகம் பறக்கவிட்டது ஜப்பானியத் தரைப்படைதான், கி-27, கி-43 விமானங்களோடு. பிரிட்டிஷ், ஆஸ்திரேலிய விமானிகள் கண்ணுக்கு கி-43 எல்லாமே ஜப்பானியக் கடற்படையின் போர்விமானமான 'ஸீரோ'வாகத் தெரிந்தது. அப்படியே நாட்குறிப்பில் எழுதினார்கள், அதைப் பார்த்துப் புத்தகம் எழுதினார்கள், இன்றைக்கும் காணொளிகளில் ஸீரோ ஸீரோ என்று ஓடுகிறது. கடற்படையின் ஸீரோக்களும் இந்தப் பகுதிக்கு வந்தன, ஆனால் கொஞ்சம்தான். 'ஸீரோ' என்று எங்கே பார்த்தாலும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போடுங்கள்.

இதோடு சேர்ந்த ஒரு சின்ன உத்தி, எனக்கு ரொம்பப் பிடித்தது. ஆஸ்கார், நேட், பெட்டி, ஸீக் என்று ஜப்பானிய விமானங்களுக்கு நேச நாடுகள் வைத்த சங்கேதப் பெயர்கள் 1942 நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தன. 1941 டிசம்பர் தேதி போட்ட ஒரு நாட்குறிப்பில் "ஆஸ்கார் ஒன்றைப் பார்த்தேன்" என்று இருந்தால் அது அன்றைக்கு எழுதியது இல்லை, பிற்பாடு எழுதியது அல்லது திருத்தியது. தூக்கிப் போட வேண்டியதில்லை, அதன் எடையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கடிகாரம்

தனித் தலைப்பே வைத்துவிட்டேன், இதில் வழுக்காத ஆள் கிடையாது. 1941 செப்டம்பரிலிருந்து சிங்கப்பூர் நேரம் கிரீன்விச்சைவிட ஏழரை மணி நேரம் முன்னால். ஜப்பானியப் படைகள் எங்கே பறந்தாலும் தோக்கியோ நேரத்தைத்தான் எழுதினார்கள், அதாவது ஒன்பது மணி நேரம் முன்னால். சிங்கப்பூர் மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 8 அதிகாலை சுமார் 4.15க்கு, இந்தோசீனாவிலிருந்து கிளம்பிய ஜப்பானியக் கடற்படையின் மிஹோரோ பிரிவின் 17 குண்டுவீச்சு விமானங்கள், தெரு விளக்குகள் எரிந்துகொண்டிருந்த ஊரின் மேல். அதே தாக்குதல் ஜப்பானியக் கணக்கில் 5.45ஐச் சுற்றி வரும், கிரீன்விச் நேரத்தில் எழுதியவருக்கு அது டிசம்பர் 7 இரவு 8.45. ஒன்றரை மணி நேர வித்தியாசத்தைப் பார்த்து "இரண்டு அலைகளாகத் தாக்கினார்கள்" என்று முடிவுக்கு வந்துவிடுவது சுலபம். ஒரு அலைதான்.

பேர்ல் ஹார்பரும் இதே குழப்பம்தான். ஹவாயில் அப்போது கிரீன்விச்சுக்குப் பத்தரை மணி நேரம் பின்னால், ஆகவே அங்கே 7ஆம் தேதி காலை 7.55 என்பது இங்கே 8ஆம் தேதி அதிகாலை 1.55. கோத்தா பாரு கடற்கரையில் ஜப்பானியர்கள் இறங்கத் தொடங்கியது அதற்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் முன்னால். தேதியை மட்டும் பார்த்தால் நேர்மாறாகத் தெரியும்.

அப்புறம் இன்னொரு பூட்டு. ஆக்கிரமிப்புக் காலத்தில் சிங்கப்பூரின் கடிகாரத்தையே தோக்கியோ நேரத்துக்கு மாற்றிவிட்டார்கள். 1944 நவம்பர் 5 அன்று கோரக்பூர் அல்ல, காரக்பூர் பக்கமிருந்து (கோல்கத்தாவுக்கு மேற்கே) பறந்து வந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஜார்ஜ் மன்னர் உலர் துறையைத் தாக்கின. அதை நேரில் பார்த்த ஒருவர் சொல்லும் மணி தோக்கியோ மணி, அமெரிக்க அறிக்கையில் இருப்பது என்ன மணி என்று முதல் பக்கத்தில் தேடுங்கள். நான் எக்செல்லில் மூன்று கட்டம் வைத்துக்கொள்கிறேன்: தாளில் இருந்தபடியே நேரம், அது எந்த ஊர் நேரம், கிரீன்விச்சில் எவ்வளவு.

நம்ம ஊரில் கிடைப்பவை

தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்று நிலையம் 1979லிருந்து பேட்டிகள் எடுத்துவருகிறது. ஆக்கிரமிப்புக் காலம் பற்றி மட்டுமே ஏகப்பட்டவை, தமிழில் பேசியவர்களும் உண்டு. பலவற்றை இணையத்திலேயே கேட்கலாம். எழுத்துப்படியை மட்டும் படிக்காதீர்கள், கேளுங்கள். ஒருவர் எங்கே தயங்குகிறார் என்பது எழுத்தில் வராது. விமான வகை, தேதி, மணி ஆகியவற்றுக்கு நினைவை நம்ப முடியாது என்பது உண்மைதான். ஆனால் எங்கே விழுந்தது, யார் எந்தப் பக்கம் ஓடினார்கள், எந்தக் கால்வாயில் பதுங்கினார்கள் என்பதெல்லாம் எந்த ஸ்குவாட்ரன் ஏட்டிலும் கிடையாது. எண்ணிக்கையில்கூடச் சில நேரம் அசத்திவிடுவார்கள். வானத்தில் 27 விமானங்கள் வரிசையாக வந்தன என்று நிறைய பேர் சொல்வார்கள், மிகைப்படுத்துகிறார்களோ என்று தோன்றும். ஜப்பானியர்கள் ஒன்பது ஒன்பதாக மூன்று கூட்டம் சேர்த்துப் பறக்கும் வழக்கமுள்ளவர்கள், சரியாக 27. கீழே நின்று எண்ணியிருக்கிறார்கள்.

தேசிய நூலகத்தின் பழைய நாளிதழ்த் தொகுப்பில் ஆங்கிலப் பத்திரிகைகளோடு தமிழ் முரசும் இருக்கிறது. தமிழில் தேடும்போது ஒரே சொல்லோடு நிற்காதீர்கள், பழைய அச்செழுத்தைக் கணினி சரியாகப் படிப்பதில்லை. தேதியைப் பிடித்துக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டுவதுதான் கடைசியில் வேகமான வழி. சில இதழ்களை நூலகக் கணினியில்தான் பார்க்க முடியும், விக்டோரியா ஸ்திரீட் போக வேண்டியிருக்கும். 1942 பிப்ரவரி 15 வரை வந்த செய்திகள் பிரிட்டிஷ் தணிக்கைக்கு உட்பட்டவை, 20ஆம் தேதியிலிருந்து வந்த சியோனன் டைம்ஸ் ஜப்பானியர்களுடையது. இரண்டிலும் செய்தியைவிட விளம்பரங்களையும் அரசு அறிவிப்புகளையும் நம்பலாம்: இருட்டடிப்பு நேரம், பதுங்குகுழி இடம், எந்தச் சாலை மூடல்.

கிராஞ்சிக்கு ஒருமுறை போய் வாருங்கள், ஆனால் போவதற்கு முன் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் பெயரைத் தேடி, தூண் எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள், 24,000க்கும் மேற்பட்ட பெயர்களை வெயிலில் நின்று தேட முடியாது. கவனிக்க வேண்டியது ஒன்று: அங்கே பெயர் இருக்கும் விமானப்படையினர் எல்லாம் சிங்கப்பூரில் இறந்தவர்கள் இல்லை. தென், கிழக்கு ஆசியா முழுவதிலும் சுற்றியுள்ள கடல்களிலும் இறந்து, கல்லறை இல்லாதவர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள். பர்மா மேல் காணாமல் போனவரும் அதே தூணில் இருப்பார். இந்தியச் சிப்பாய்களின் பெயர்களும் நிறைய. தகனம் செய்யப்பட்ட கிட்டத்தட்ட 800 பேருக்குத் தனி நினைவிடமே பின்புறம் உண்டு.

தாத்தா சிலேத்தாரில் அல்லது செம்பவாங்கில் வேலை பார்த்தார் என்று தேடத் தொடங்குகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்குவாட்ரன் ஏடுகளில் உள்ளூர்த் தொழிலாளர் பெயர் வருவது அபூர்வம், "கூலிகள் வேலைக்கு வரவில்லை" என்று ஒரு வரி வரும், அவ்வளவுதான் மரியாதை. நீங்கள் தள ஏடுகளான ஏ.ஐ.ஆர் 28ஐயும் வாய்மொழிப் பேட்டிகளையும் சேர்த்துத்தான் தேட வேண்டும், கூடவே வீட்டில் இருக்கும் பழைய அடையாள அட்டை, பாஸ், சம்பளச் சீட்டு எதையும் தூக்கி எறியாமல் ஸ்கேன் செய்து வையுங்கள், அதில் உள்ள முத்திரைதான் எந்தப் பிரிவின் கீழ் வேலை என்று சொல்லும்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். எதை இறக்கினாலும் கோப்பின் பெயரிலேயே காப்பகம், தொகுதி எண், துண்டு எண் (தொகுதிக்குள் அந்தக் கோப்பின் எண்), பக்கம் நான்கையும் எழுதிவிடுங்கள். "ஸ்குவாட்ரன் டைரி புதுசு 2" என்று சேமித்தால் ஆறு மாதம் கழித்து யாராவது ஆதாரம் கேட்கும்போது அதே பக்கத்துக்கு மறுபடியும் காசு கட்ட வேண்டிவரும்.